பாறை மேலிருந்து சுகம் விசாரித்த மயில்

வழுக்குப்பாறைக் காட்டில் நாற்பது மாடுகள் இஷ்டத்துக்கு மேய்ந்துகொண்டிருந்தன. கயிறு கிடையாது. தொழுவம் கிடையாது. அதட்டி ஓட்ட ஓர் ஆளும் கிடையாது. மழை ஓய்ந்ததும் அடிவாரத்து ஊர்க்காரர்கள் மாடுகளைக் காட்டுக்குள் ஏற்றி விட்டுவிடுவார்கள். கோடை முடியும்போது வந்து ஓட்டிப் போவார்கள். நடுவில் அவர்கள் பாடு அவர்களுக்கு, மாடுகள் பாடு மாடுகளுக்கு.

நல்ல மாடுகள்தான். நான் ஒன்றும் குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கெட்ட வழக்கம் மட்டும் அவற்றுக்கு உண்டு. யார் வந்து எப்படிக் கேட்டாலும் "சுகம்தான்" என்று சொல்லிவிடும். காலில் முள் ஏறியிருந்தாலும் சுகம்தான். வயிறு உப்பி மத்தளம் மாதிரி இருந்தாலும் சுகம்தான். முடியவில்லை என்று வெளியே தெரிந்தால் எந்தப் புதரிலிருந்து எது பாயுமோ என்று பரம்பரையாக வந்த பயம். அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் கேட்பது நரியா, சொந்தச் சித்தியா என்றுகூடப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் எப்படி?

போன வருஷம் ஒரு கிடாரி குழிக்குள் விழுந்து மூன்று நாள் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் கவனித்தார்கள். அப்போது கவனிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அதனால் கூட்டத்தின் தலைவி காரி இந்த வருஷம் எல்லாரையும் கூப்பிட்டாள். காரி ஒரு கறுப்புப் பசு. ஒன்பது கன்று போட்டவள். அவளுக்கு ஒரு கொம்பு முன்னால் போகும், ஒரு கொம்பு பக்கவாட்டில் போகும். பேச்சு மட்டும் நேராகப் போகும்.

"தினமும் ஒருத்தர் நம்ம எல்லாரையும் பார்த்து விசாரிக்கணும். நம்மால ஆகாது. தலையைக் குனிஞ்சா நமக்குப் புல்லுதான் தெரியும். வேற யாராவது முன்வாங்க" என்றாள்.

மாட்டின் காலடியில் நின்றிருந்த வெள்ளைக் கொக்கு கழுத்தை நீட்டியது. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னுமே, அந்த மாட்டுக்கொக்குதான்.

"எப்படியும் நான் உங்க காலுக்கடியிலதானே கிடக்கேன். நானே பார்த்துச் சொல்றேனே" என்றது கொக்கு.

"நீ சோத்துக்கு வர்றவன். உனக்கெதுக்கு இந்தப் பெரிய மனுஷத்தனம்?" என்று ஒரு காளை சிரித்தது. எல்லா மாடும் சிரித்தன. கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மயிலார் பாறை மேல் ஏறித் தோகையை விரித்தார். அவ்வளவுதான். மாடுகள் புல்லை மறந்து வாயைப் பிளந்தன.

"இப்பொறுப்பை யாம் ஏற்கிறோம்" என்றார் மயிலார். அவர் பேசுவதே அப்படித்தான். தண்ணீர் கேட்டால்கூட ஊருக்கு அறிவிப்பு மாதிரி இருக்கும்.

காரிக்கு அரை மனசுதான். ஆனாலும் முப்பத்தொன்பது மாடு தலையாட்டும்போது ஒரு மாடு என்ன செய்யும்? அவளும் ஆட்டிவிட்டாள்.

மறுநாளே விசாரணை ஆரம்பமாகிவிட்டது. அதன் லட்சணத்தைக் கேளுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, எல்லா மாடும் மேய்ச்சலை விட்டுவிட்டு வழுக்குப்பாறைக்கு நடந்து வர வேண்டும். பாறைக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். மயிலார் மேலே இருந்தபடி பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

"காரி, சுகமா?"

"சுகம்தான்."

"பில்லை, சுகமா?"

"சுகம்தான்."

"சுட்டி, சுகமா?"

"சுகம்தான்."

சுட்டி என்பது நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த இளம்பசு. அவள் பின்னங்குளம்பில் முள் ஏறி நாலு நாள் ஆகியிருந்தது. மூன்று காலால் தத்தித் தத்தி இரண்டு மைல் நடந்து வந்து, சுகம்தான் என்று சொல்லிவிட்டு, மறுபடி தத்தித் தத்தி இரண்டு மைல் போவாள். இப்படிக் காலையும் மாலையும். சுகம் சொல்ல நடந்து நடந்தே அவள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

கொக்குக்குப் பொறுக்கவில்லை. பறந்து போய்ப் பாறையில் உட்கார்ந்தது.

"ஐயா, சுட்டி காலைக் கொஞ்சம் பாருங்க. முள்ளு ஏறியிருக்கு."

மயிலார் பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மாட்டின் முதுகுதான் தெரியும்.

"முதுகு நன்றாகவே இருக்கிறதே. மேலும் அவளே சுகம் என்று சொல்லிவிட்டாள். அவள் காலைப் பற்றி அவளைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?" என்றார்.

"சரி, அதை விடுங்க. இன்னைக்கு அஞ்சு மாடு வரவே இல்லையே?"

மயிலார் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"குறை இருந்தால் வந்து சொல்லியிருப்பார்கள் அல்லவா? வரவில்லை. ஆகவே குறை இல்லை. வந்தவர்கள் சுகம். வராதவர்கள் மிகவும் சுகம்."

மாடுகளெல்லாம் ஆகா என்றன. எவ்வளவு பெரிய புத்தி என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே மேயப் போயின. கொக்கு மட்டும் தலையில் அடித்துக்கொள்ளக் கையில்லாமல் நின்றது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காட்டில் மனசு வைத்துச் சுகம் விசாரித்த பிராணியும் ஒன்று இருந்தது. அது நரி. ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகப் போய்ப் பார்க்கும். யார் எழுந்திருக்க நேரமாகிறது, யார் பின்தங்கி நடக்கிறாள், யாருக்கு எப்போது நிறைமாதம், எல்லாம் அதற்கு அத்துப்படி.

"சுட்டியக்கா, அந்தப் பின்னங்கால் எப்படியிருக்கு? நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் மோசமோ?"

"சுகம்தான்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று நரி துக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த மாட்டிடம் போகும்.

நரி ஒருநாள் பாறையடிக்கு வந்து மயிலாரைக் கும்பிட்டது.

"ஐயா, தூரத்து மேய்ச்சலுக்கெல்லாம் நீங்க நடந்தா உங்க தோகை என்ன ஆகிறது? முள்ளுல மாட்டிக் கந்தலாப் போயிடுமே. எனக்கு மனசு கேக்கலை. வராத மாடுகளை நான் போய்ப் பார்த்து உங்க காதுல சொல்லிடறேன்."

மயிலாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எப்பேர்ப்பட்ட அக்கறை! அன்றைக்கே சரி என்றுவிட்டார். காரியிடம் இதை அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அவள் கேட்கவில்லை.

கூட்டத்தில் செவலை என்று ஒரு சிவப்புப் பசு இருந்தாள். அவளுக்கு நிறைமாதம். கன்று போடும் நேரம் வந்தால் காட்டில் மேயும் மாடு தனியே விலகிப் போகும். அது வழக்கம். அதனால் அவள் கிழக்கே கோரைக்குட்டைப் பக்கம் போனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

குட்டைக் கரையில் ஒரு காரைப்புதருக்கு அடியில் செவலை கன்று போட்டாள். அவளுக்குத் தலைச்சன். நக்கி நக்கித் துடைத்தாள். ஒரு வாய் பால் கொடுத்தாள். "நான் வர்ற வரைக்கும் மூச்சு காட்டாம படுத்திரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினாள்.

வெயிலில் குட்டை பாதி வற்றியிருந்தது. மேலே தண்ணீர், கீழே களி. செவலை இரண்டு முன்னங்காலையும் வைத்தாள். இரண்டும் மார்பு வரை உள்ளே போய்விட்டன. பின்னங்கால்கள் மட்டும் கரையில் இருந்தன. இழுத்தாள், உதறினாள், மூச்சுவாங்கினாள். ஒன்றும் அசையவில்லை. வாய்விட்டுக் கத்தலாம் என்றால், அம்மா கூப்பிடுகிறாள் என்று கன்று எழுந்து நேராக அந்தக் களிக்குள்ளேயே வந்துவிடும். பெற்றவள் என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புதருக்கும் அவளுக்கும் இருபதே அடி.

சாயங்கால விசாரணைக்கு முன்னால் நரி அங்கே வந்தது.

"செவலையக்கா, சுகமா?"

செவலை கொம்பை நிமிர்த்திக்கொண்டாள்.

"சுகம்தான்."

"என்ன செய்றீங்க?"

"பார்த்தா தெரியலை? தண்ணி குடிக்கிறேன்."

"வயிறு இறங்கியிருக்கே. கன்னுக்குட்டி எங்கேக்கா?"

"அதுவா? காரியக்காகூட மேயப் போயிருக்கு."

"பொறந்த அன்னைக்கேவா?"

"எங்க பரம்பரை அப்படி."

நரி மூக்கை உயர்த்தியது. பால் வாசனை காரைப்புதர்ப் பக்கமிருந்து வந்தது. ஆனால் அவசரப்படவில்லை. இவள் நிஜமாகவே தண்ணீர் குடிக்கிறாள் என்றால், புதரைத் தொட்ட மறுநிமிஷம் நாலே பாய்ச்சலில் வந்து குடலை உருவிவிடுவாள். விடிந்து வந்து பார்ப்போம், அப்போதும் குடித்துக்கொண்டிருந்தால் விஷயம் வேறு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று மாலை மயிலார் பாறை மேலிருந்து அறிவித்தார்.

"செவலை குட்டையில் தண்ணீர் குடிக்கிறாள். சுகம்."

விடிந்தது. நரி முதல் வேலையாகக் குட்டைக்குப் போனது.

"அக்கா, இன்னுமா தண்ணி குடிக்கிறீங்க?"

"ரொம்பத் தாகம்" என்றாள் செவலை. குரல் கம்மியிருந்தது. கொம்பு நேற்றைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நரி திருப்தியாகத் தலையாட்டியது. பாறையடிக்கு ஓடி மயிலார் காதில் சேதியைச் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்ப ஓடியது. பசிக்கிற நேரத்திலும் ஒப்புக்கொண்ட வேலையை விட்டுவிடவில்லை, பாருங்கள். அந்த ஒழுங்கை மட்டும் நான் பாராட்டுவேன்.

காலை விசாரணையில் மயிலார் தொண்டையைக் கனைத்தார்.

"செவலை இன்னமும் தண்ணீர் குடிக்கிறாள். நல்ல தாகம், நல்ல ஆரோக்கியம். மிகவும் சுகம்."

அப்போதுதான் கொக்கு நடுவில் வந்து இறங்கியது. மயிலாரைப் பார்க்கவேயில்லை. நேராகக் காரியிடம் போனது.

"காரியக்கா, என்னால முடியலை. நேத்து மத்தியானத்திலேருந்து நான் பட்டினி."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் காரி, அசைபோட்டுக்கொண்டே.

"நான் செவலை காலடியில மேயறவன். அவ நடந்தாத்தான் எனக்கு வெட்டுக்கிளி துள்ளும். நேத்து அவ முதுகு மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு அடி எடுத்து வைக்கலை. இன்னைக்குக் காலையிலயும் போய்ப் பார்த்தேன். அதே இடம். பின்னங்கால் கரையில இருக்கு. முன்னங்காலைக் காணவே காணோம்."

காரி அசைபோடுவதை நிறுத்தினாள்.

"சுகமான்னு கேட்டியா?"

"கேட்டேன். சுகம்தான்னு சொன்னா. நீங்க எல்லாரும் என்னைக்கு வேற பதில் சொல்லியிருக்கீங்க? அதான் நான் கேட்டதோட விடாம கீழே இறங்கிப் பார்த்தேன். மடி கல்லு மாதிரிக் கட்டிக் கிடக்கு."

ஒன்பது கன்று போட்டவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மடி கட்டியிருக்கிறது என்றால் கன்று பால் குடிக்கவில்லை. பெற்ற மறுநாள் கன்று பால் குடிக்கவில்லை என்றால் தாயும் கன்றும் ஒரே இடத்தில் இல்லை.

காரி பாறையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மயிலாரே, செவலையை நீர் பார்த்தீரா?"

"பார்ப்பதற்கு ஓர் உதவியாளரை அமர்த்தியிருக்கிறோம். அபார அக்கறை உள்ளவர். யார் நொண்டுகிறார்கள், யாருக்கு நிறைமாதம் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவார்."

"யாரு அது?"

"நரி."

காரி வாலைத் தூக்கிக்கொண்டு கிழக்கே பாய்ந்தாள். மற்ற மாடுகளெல்லாம் பின்னாலே பாய்ந்தன. மூன்று கால் சுட்டிகூட ஓடினாள்.

குட்டையில் நரி கரைமேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, சுகமா?"

செவலை கொம்பைத் தூக்கப் பார்த்தாள். தலை நிற்கவில்லை. "சுகம்தான்" என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சரிக்கா. நீங்க நிதானமாக் குடிங்க" என்று நரி எழுந்து புதர்ப்பக்கம் நடந்தது. பத்தடி. எட்டடி. புதருக்குள் கன்று பசியில் சிணுங்கியது. செவலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

தரை குலுங்கியது. நரி திரும்பிப் பார்த்தது. கோரையைப் பிளந்துகொண்டு காரி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கொம்பும் கொம்புமாகத் தெரிந்தது.

"நான் சும்மா, சுகம் விசாரிக்கத்தான்..." என்றது நரி.

"நாங்களும் உன்னைச் சுகம் விசாரிக்கத்தான் வந்திருக்கோம்" என்றாள் காரி.

விசாரித்தாள். நேராகப் போகிற கொம்பால் ஒரு தடவை, பக்கவாட்டில் போகிற கொம்பால் ஒரு தடவை. நரி காரைப்புதருக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்தது.

"இப்ப எப்படியிருக்கு?" என்று காளை கேட்டது.

"சுகம்தான், சுகம்தான்!" என்று கத்திக்கொண்டே நரி மூன்று காலால் ஓடிற்று. அதற்கப்புறம் அந்தக் காட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

பிறகு செவலையை மீட்கிற வேலை. காளைகள் கொம்பால் காய்ந்த கிளைகளை ஒடித்து அவள் மார்புக்கு அடியில் தள்ளின. இரண்டு பக்கமும் இரண்டு பசுக்கள் நின்று தோளால் முட்டுக்கொடுத்தன. "அவசரப்படாதே, ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்" என்று காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். கிளையில் குளம்பு பட்டதும் செவலை முழு மூச்சையும் பிடித்துப் பின்னால் எம்பினாள். களி பெரிய சத்தத்தோடு அவளை விட்டது.

தள்ளாடித் தள்ளாடிப் புதருக்குப் போனாள். கன்று எழுந்து அவள் மடியை முட்டியது. பால் குடிக்கும் சத்தம் எல்லா மாட்டுக்கும் கேட்டது.

காரி கிட்டே போய் அவள் கழுத்தை நக்கினாள்.

"செவலை, சுகமா?"

"சுகம்..." என்று ஆரம்பித்தாள் செவலை. பழகின வாய். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். நரி இல்லை. எல்லாம் தன் சனம்தான்.

"இல்லைக்கா. ரெண்டு காலும் விட்டுப்போற மாதிரி வலிக்குது. மடி கடுக்குது. பிள்ளையைக் கொண்டுபோயிடுவானோன்னு நான் செத்துச் செத்துப் பிழைச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

இப்படி ஒரு பதிலை அந்தக் கூட்டம் அதுவரை கேட்டதே இல்லை. சுட்டி மெல்லப் பின்னங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கும் முள்ளுக்கா. பத்து நாளாச்சு."

"எனக்கு வயிறு உப்பசம்" என்றாள் பில்லை.

"எனக்குக் காதுக்குள்ள உண்ணி" என்றது காளை, வெட்கத்தோடு.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மத்தியானம் வரை ஒவ்வொன்றும் தன் வலியைச் சொல்லிக்கொண்டேயிருந்தது. கொக்கு வயிற்றுக்கடியிலும் காலுக்கிடையிலும் புகுந்து புகுந்து பார்த்தது. சுட்டியின் முள்ளை அலகாலேயே பிடுங்கியது. காளையின் காதிலிருந்த உண்ணியைப் பிடுங்கி, வீணாக்குவானேன் என்று விழுங்கிவிட்டது. அன்றைக்கு அதன் பட்டினி தீர்ந்தது.

அப்போதுதான் மயிலார் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் முள்ளில் மாட்டித் தோகை அலங்கோலமாக இருந்தது. ஆனாலும் வந்ததும் வராததுமாக ஒரு புற்றின் மேல் ஏறிக்கொண்டார்.

"அனைவரும் சுகமா?"

"இல்லை" என்றன நாற்பது மாடுகளும்.

மயிலாருக்கு இந்தச் சொல் புதிது. புற்றிலிருந்து சறுக்கிக் கீழே விழுந்தார். முதல் தடவையாக மாட்டின் காலுக்குப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சுட்டியின் வீங்கின குளம்பு அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

"அடடா, ரொம்ப வீங்கியிருக்கே" என்றார். அவர் சாதாரணமாகப் பேசி அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

"பாறை மேல நீர் போய் உட்காரும். தூரத்துல சிறுத்தை தெரிஞ்சா கத்தும். அதுக்கு உம்ம தொண்டைதான் சரி. எங்களைக் கொக்கு பார்த்துக்கும்" என்று காரி சொல்லிவிட்டாள்.

ஆகவே, ஒருவர் சுகமாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால், உயரத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டால் போதாது, கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.